எங்கய்யனைச் சர்க்காருக்குக் குடுத்த கதை

எங்கூட்டு சாமி ரூமுல அஞ்சாறு சாமிப் படமும் ஒரு ஆளு படமும் இருந்துச்சுங்க. ஆளு எங்கய்யன், என்னைப் பெத்த அப்பா. கோயில் நோம்பிக்குத் தட்டி எழுத வந்த ஓவியர் ஒருத்தரு எங்க தோட்டத்து மோட்டார் ரூமுல தங்கியிருந்தாரு. போறப்ப அய்யனை எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சு குடுத்துட்டுப் போனாரு. ஊருல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. மீசை ஒரு பக்கம் கோணல்னு எங்க சித்தப்பா கடைசி வரைக்கும் குறை சொல்லீட்டே இருந்தாரு.

அய்யன் போனதுக்கப்புறம் அம்மா தெனமும் குளிச்சுட்டு வந்து அந்தப் படத்துக்குக் குங்குமம் வெப்பாங்க. தன்ற நெத்தியில வெக்க முடியாதுங்களே. எங்க பக்கம் தாலி எறக்கின பொம்பளைக்குத் திருநீறு மட்டுந்தான். அவங்க பங்குக் குங்குமத்தையெல்லாம் அய்யன் நெத்திக்கே குடுத்துட்டாங்க. வருசம் போகப் போக அது அடையாட்டத் தடிச்சுப் போச்சு.

இதுக்கு நடுவுல, இங்க தட்டி எழுதின மனுசன் எங்கியோ போயிப் பெரிய ஆளாகி, செத்து, இன்னும் பெரிய ஆளாயிட்டாரு. அவரோட ஆரம்ப காலப் படமெல்லாம் தேடறோம்னு வடக்கே இருக்கற தேசிய ஓவியக்கூடத்துல இருந்து ஒரு அதிகாரியம்மா வந்தாங்க. கூட மொழி சொல்ல ஒரு பாலக்காட்டு மலையாளத்துக்காரரு. அந்தம்மா வெள்ளைக் கையுறையை மாட்டீட்டு சாமி ரூமுக்குள்ள போனாங்க. அய்யன் நெத்தியைப் பாத்துட்டு வெளிய வந்து அப்படியே கட்டில்ல ஒக்காந்துட்டாங்க. அம்மா போய் ஒரு சொம்பு மோர் கொண்டாந்து குடுத்தாங்க.

மோரைக் குடிச்சுட்டுத் தெம்பா ஆரம்பிச்சாங்க பாருங்க. இது உங்கூட்டுச் சொத்து இல்ல, தேசத்தோட சொத்து. நாங்க பாதுகாப்போம், பழுது பாப்போம், ஆராய்ச்சி பண்ணுவோம், பள்ளிக்கூடத்துக் கொழந்தைகளைக் கூட்டியாந்து காட்டுவோம், மக்களுக்காகத்தான் இந்தக் கூடமே. அத்தனையும் நெசந்தான். எங்கூட்டுல படத்துச் சட்டத்தைக் கரையான் அரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஆனா என்ற காதுல ஏறினது தேசம்ங்கற ஒரு வார்த்தைதான். எங்க பக்கம் கோவிந்தாபுரத்துல இருந்து பாலக்காட்டுச் சித்தூர் வரைக்கும் எவனூட்டு அப்பனாச்சும் தேசத்துச் சொத்துங்களா? எதுத்த ஊட்டுப் பஞ்சாயத்து மெம்பர் மூஞ்சி எப்படிப் போகும்னு நெனைச்சே பாதி சம்மதிச்சுட்டேன்.

அம்மாவை மசிய வெச்சது ஏசி. வருசம் முச்சூடும் ஏசி ரூமுலதான் இருப்பாருன்னு அந்தம்மா சொல்லவும், "உசுரோட இருக்கறப்ப ஃபேன் போட்டாக்கூட கரண்டு பில்லுன்னு அணைச்சுப்போடுவாரு, இப்பவாச்சும் குளுகுளுன்னு இருக்கட்டும்"னாங்க. ஒரே ஒரு நிபந்தனை. ஆடி அமாவாசைக்கு வருசத்துக்கொருக்கா வந்து பொட்டு வெப்பேன், அதுக்கு உடோணும். மலையாளத்துக்காரரு இதை இங்கிலீசுல சொல்றப்ப ஆடியை உட்டாரு, அமாவாசையை உட்டாரு, பொட்டையும் உட்டாரு. வருசத்துக்கொருக்கா வந்து பாக்க ஆசைப்படறாங்கன்னாரு. தாராளமா வாங்க, வயசானவங்களுக்கு டிக்கெட்டே இல்லைன்னு அந்தம்மா சிரிச்சாங்க. எனக்கு இங்கிலீசு தெரியும். காரியம் கெட்டுரக்கூடாதுன்னு கம்முனு இருந்துட்டேன்.

படத்தைக் குடுத்து அனுப்பிட்டு, அடுத்த ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டீட்டு ரயில் ஏறினேன். முட்டி வலியில நடக்க முடியாதவங்க, ரெண்டு ராத்திரி ரயிலு. ஓவியக்கூடத்து வாசல்ல மிசின்ல பையை உட்டாங்க. தேங்காய் போச்சு, சூடம் போச்சு, குங்குமச் செப்பும் போச்சு. தேங்காயை ரெண்டு காவக்காரங்க திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. டோக்கன் ஒண்ணைக் கையில குடுத்து உள்ள உட்டாங்க.

உள்ள கல்யாண மண்டபத்தாட்டப் பெரிய ரூமு, சுவத்துல எங்கய்யன். கீழ ஒரு அட்டை: பெயர் தெரியாத விவசாயத் தொழிலாளி. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சுங்க. பேரு, ஊரு, எத்தனை ஏக்கரா, எல்லாம் வாய் வலிக்கச் சொல்லித்தானே அனுப்பினோம். தொழிலாளியாமா. அந்த மனுசன் வயல்ல எறங்கினதே வரப்புல செருப்பு வழுக்குனப்பத்தான்.

காதுல மாட்டிக் கேக்கற மிசின் ஒண்ணு குடுத்தாங்க. அதுல ஒரு பொம்பளை உருகி உருகிப் பேசுது. இந்தக் கண்ணுல தெரியறது தலைமுறை தலைமுறையான பசியாமா. அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன். "பசியா? அன்னைக்கு நோம்பிடா. கெடா வெட்டி மூக்கு முட்டத் தின்னுபோட்டுத் தூக்கம் சொக்கிட்டு இருந்தாரு"ன்னாங்க. பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு அந்தப் பசியைப் பாத்துக் கண்ணைத் தொடைச்சுட்டிருந்துச்சு. அதை நாம எதுக்குங்க கெடுக்கோணும்?

பக்கத்துச் சுவத்துல ரெண்டு போட்டோ மாட்டியிருந்தாங்க. பழுது பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருந்ததுல எங்கூட்டுக் குங்குமம் அப்படியே இருக்குது. பல வருட அழுக்கு நவீன முறையில் முழுவதும் அகற்றப்பட்டதுன்னு இங்கிலீசுல பெருமையா எழுதியிருந்துச்சு. இதை நான் அம்மாவுக்குச் சொல்லல. ஆனா அவங்களுக்குப் படிக்கத்தான் வராது, கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டு போட்டோவையும் மாறி மாறிப் பாத்தாங்க.

அப்புறம் தரையில போட்டிருந்த கோட்டு வரைக்கும் போனாங்க. காவக்காரப் புள்ளை கையை நீட்டுச்சு. "தாண்ட மாட்டேஞ் சாமி"ன்னு நின்னுட்டாங்க. விரல்ல குங்குமமும் இல்ல, இருந்தாலும் எட்டாது. அங்க நின்னே என்ற பக்கம் திரும்பினாங்க.

"நெத்தி வெறிச்சுன்னு கெடக்குதேடா. என்ற நெத்தியாட்டவே."

அதிகாரியம்மாளைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம்னு கெளம்பினேன். அம்மா உடல. "அவங்க சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க, கரையான் இல்ல, தூசி இல்ல, போலாம் வா"ன்னாங்க. வாசல்ல டோக்கனைக் குடுத்துச் சாமானெல்லாம் திருப்பி வாங்கினோம். காவக்காரங்க முன்னாலயே செப்பைத் தொறந்து, விரல்ல எடுத்து, தன்ற நெத்தியில வெச்சாங்க. சின்னதா இல்லீங்க, அம்புட்டுப் பெருசா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊரு, சொந்தபந்தம், சித்தப்பா மகனுங்க, எல்லாம் கண்ணுல வந்து போச்சு. "என்னம்மா இது"ன்னேன்.

"ரெண்டு பேரு நெத்தியும் காலியாக் கெடந்தா எப்படிடா? ஒருத்தராச்சும் வெக்கோணுமல்ல."

திரும்பி வர்றப்ப ரயில்ல எதுத்த சீட்டுல பொள்ளாச்சிக்காரப் பொம்பளை ஒருத்தி. அம்மா நெத்தியைப் பாத்துட்டு, "ஏனுங்கம்மா, அய்யா கூட வரலீங்களா?"ன்னு கேட்டா. நான் வேர்த்துப்போயி ஜன்னல் பக்கம் திரும்பீட்டேன். அம்மா முறுக்கைக் கடிச்சுட்டே பதில் சொன்னாங்க.

"அவருக்கு அங்கீயே வேலைங்க. சென்ட்ரல் சர்க்காரு. ஏசி ரூமு, நின்ன எடத்துல உத்தியோகம், ஒரு கொறையுமில்ல. லீவுதான் தர மாட்டேங்கறாங்க."