அத்திமேடு திறக்கும் நாள்

ஃபெர்கானா பள்ளத்தாக்கின் அந்தத் தெருவில் அத்திமரம் இல்லாத வீடு கிடையாது. அத்திக்குக் குளிர் ஆகாது. அதனால் இலையுதிர்ந்ததும் கிளைகளை வளைத்துக் கட்டி, வைக்கோல் பரப்பி, மேலே மண்ணைக் குவித்து, மரத்தையே புதைத்துவிடுவார்கள். புதைக்க எல்லோருக்கும் தெரியும். என்றைக்குத் திறப்பது என்பதில்தான் சூட்சுமம். முந்தினால் உறைபனி கருக்கிவிடும். பிந்தினால் மொட்டு உள்ளேயே வெளுத்து அழுகிவிடும்.

அந்த நாளை இருபது வருஷமாகச் சொல்லி வந்தவள் ஹோசியத், பள்ளிக்கூடச் சமையற்காரி. மேட்டில் துளைபோட்டு முழங்கைவரை கையை விடுவாள். ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம் அப்படியே இருப்பாள். மண்ணின் குளிரில் எலும்பு குடையவில்லை என்றால், "திறங்க" என்பாள். தெருவே மண்வெட்டியைத் தூக்கும். தானாக ஒரு முடிவெடுக்க அங்கே ஒருவருக்கும் துப்பு கிடையாது. இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

போன வருஷம் அவள் சொல்லித் திறந்த பத்தாம் நாள் உறைபனி இறங்கியது. பதினோரு மரங்கள் தரைமட்டம்வரை கருகின. அவற்றில் பெரியது எதிர்வீட்டு மமசோலியுடையது. டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தொப்பியைச் சரிசெய்தபடி வேறுபக்கம் பார்த்துப் போய்விடுவார். கோடையில் வேரிலிருந்து கிளம்பிய குருத்துகளைத்தான் மரம் கருகியவர்கள் இந்தக் குளிருக்குப் புதைத்திருந்தார்கள்.

இப்போது பனி உருகி, ஓடைக்கரையில் வெள்ளைப் பனிப்பூக்கள் வந்து போய், வாதுமையும் பூத்துவிட்டது. ஹோசியத் வாயே திறக்கவில்லை. சூடு கண்ட பூனை.

பக்கத்து வீட்டு அதீபா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, புதுப் புதினா பறிச்சுக் கொழுக்கட்டையே அவிச்சாச்சு. நீ இன்னும் எத்தனை நாளைக்கு வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருக்கப் போறே?"

"உன் மரம், உன் மண்வெட்டி. என்னை ஏன்டி கேக்கறே?"

"சரி, நீ உன்னோடதைத் திற. அதைப் பார்த்து நாங்க திறந்துக்கறோம்."

அதுதான் வினை. வாய்க்கால் வெட்டலாம் என்று ஒருநாள் அவள் மண்வெட்டியை எடுத்ததும் மூன்று சுவர்களில் தலைகள் முளைத்தன. திரும்பச் சாத்தி வைத்துவிட்டாள். தன் மேட்டைத் தொட்டால் தெருவே தொடும். தொடாவிட்டாலோ, இன்னும் நாலைந்து நாளில் அத்தனை மேட்டுக்குள்ளும் அழுகல் ஆரம்பித்துவிடும். அது தெரிந்தும் சும்மா இருப்பது அவளைத் தின்றது. சமையலில் இரண்டு நாள் உப்புப் போட மறந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மமசோலி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, என் மேட்டுல கொஞ்சம் கையை வச்சுப் பாரு."

ஹோசியத் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்ணே. போன வருஷம் எனக்குக் கை குடைஞ்சுது. நல்லாவே குடைஞ்சுது. ஆளாளுக்கு வந்து நச்சரிக்கவும் 'திறங்க'ன்னு சொல்லித் தொலைச்சேன். தெரிஞ்சே சொன்னேன்."

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"நச்சரிச்சது யாரு?" என்றார் அவர். "அந்த ஒரே வாரத்துல நாலு தடவை உன் வாசல்ல வந்து நின்னவன் நான்தானே. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட உன்னைப் பார்க்கறது?"

அவள் தலைமுக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவைக் கடந்து அவர் தோட்டத்துக்குப் போய், மேட்டருகே மண்டியிட்டு, கையை முழங்கைவரை விட்டாள். அவர் சற்றுத் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சுவர்களுக்கு மேல் தலைகள் வந்துவிட்டிருந்தன. "என்னாச்சுக்கா?" என்று அதீபா குரல் கொடுத்தாள்.

"வாயை மூடு," என்றார் மமசோலி. "அவ நேரம் எடுத்துக்கட்டும்."

வெகுநேரம் கழித்து அவள் கையை எடுத்து மண்ணைத் தட்டினாள். "எலும்பு குடையலை. ஆனா மறுபடி பனி விழாதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே."

"அதை யாரு கேட்டா," என்று அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார். "எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்?"