கிளட்ச் மிதித்த கால்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது, நாமக்கல்லில் லாரி டிரைவர். கல்கத்தாவில் லோடு இறக்கிவிட்டு, சாப்பாட்டுக்குத் தவிர சீட்டைவிட்டு எழாமல் ஆறு நாள் ஓட்டி வந்தேன். மறுநாளே சேந்தமங்கலத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போய்விட்டார்கள்.

இடது கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கிளட்ச் மிதிக்கிற கால், தடித்துத்தானே இருக்கும் என்று பெருமைவேறு பட்டுக்கொண்டேன். காலையிலிருந்து மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது. அது மாப்பிள்ளைப் படபடப்பு என்று முடிவுகட்டிய அறிவாளி நான்.

பெண் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் காபி கொண்டுவந்த நேரம், பாயில் கால் மடக்க முடியாமல் நான் நெளிந்தேன். என் மாமா காலைப் பிடித்து, மாவு பிசைகிற மாதிரி அமுக்க ஆரம்பித்தார். பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“அமுக்காதீங்க, கைய எடுங்க. இவிங்க ஊட்ல வேற யாருக்காச்சும் இப்படிக் கால் வீங்குச்சுங்களா?”

“எங்க ஊட்ல ஒருத்தருக்கும் ஒரு கொறையும் இல்லீங்க சாமி,” என்றார் அம்மா பட்டென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா முப்பது வயதில் இதேபோல் கால் வீங்கி, மூச்சடைத்துப் போனவர். பெரியப்பாவும் அப்படித்தான். சம்பந்தம் கெட்டுவிடும் என்று, இரண்டு பேரையும் பாம்பு கடித்ததாகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். தரகர் இங்கேயும் அதையே சொல்லியிருந்தார். அம்மா கண்ணாலேயே என்னை மிரட்டினார்.

“பாம்பு இல்லீங்க,” என்றேன். “எங்கப்பனுக்கும் இதே காலுதானுங்க.”

“மூச்சு இழுத்தாக் குத்துதுங்களா?”

“ஆமாங்க. உங்களப் பாக்க வந்த பயம்னு நெனச்சனுங்க.”

அவர் சிரிக்கவில்லை. என்னை நடக்கவிடாமல் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, நாங்கள் வந்திருந்த வேனில் ஏற்றினார்கள். அப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை அந்தத் தெரு பார்த்திருக்காது. சேலம் வரைக்கும் வேன் பறந்தது.

கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்கே போய்விட்டது என்றார் டாக்டர். இன்னும் அமுக்கியிருந்தால் மிச்சமும் போயிருக்குமாம். சில குடும்பங்களில் ரத்தம் இப்படி உறைவது பரம்பரையாக வரும், நாள்கணக்கில் உட்கார்ந்தே இருந்தது அதைக் கிளப்பிவிட்டது என்றார். ஊசியும் மாத்திரையுமாகப் பிழைத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பெண்ணின் அப்பா பயந்தார், தப்பில்லை.

சில வருடம் கழித்துத் தம்பிக்குக் கால் வீங்கியது. அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டார், “இது எங்க ஊட்டுக் கொறைங்க. அவிங்கப்பனுக்கும் இருந்துச்சுங்க.”

மறைத்துவைத்த காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு உயிர் போனது. வெளியே சொல்ல ஆரம்பித்த பிறகு சில வரன்கள்தான் போயின.