எதிர்க்கடைக்கு நான் அனுப்பிய கல்யாணப் பார்ட்டி

போன சனிக்கிழமை எதிர்க்கடைக்காரர் தனசேகர் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். மைசூர்பாகு. தொட்டால் விரலெல்லாம் நெய்.

எதற்கு? எனக்குப் பிறந்த நாளா? இல்லை. அவர் வீட்டில் விசேஷமா? அதுவும் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "ஒரு கல்யாணப் பார்ட்டிய அப்படியே நம்ம கடைக்கு அனுப்பி வெச்சீங்களேமா, அதுக்குத்தான்" என்றார். குரலில் கிண்டல் இல்லை. நிஜமான நன்றி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிற எவளாவது, தன் கடை மெத்தையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த முகூர்த்தப் பார்ட்டியை ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்கு அனுப்புவாளா? நான் அனுப்பினேன். எப்படி என்று சொல்கிறேன்.

நான் கிறிஸ்தவள். வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், உங்களை மதம் மாற்ற வரவில்லை. ஒரு புடவையிலிருந்து இன்னொரு புடவைக்கு உங்களை மாற்றுவதற்கே எனக்கு நாக்குத் தள்ளுகிறது.

ஆரம்பித்ததில் என் மேல்தான் தப்பு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். 'வியாபாரத்தில் விசுவாசம்' என்று தலைப்பு. பெண் முதலாளி ஒருத்தி பேசினால் நன்றாக இருக்கும் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கோ கையில் மைக் இல்லாமலேயே வாய் நிற்காது.

பேசினேன். கல்லாவுக்கு மேலே வசனத்தை மாட்டிவிட்டு, கீழே இஷ்டத்துக்கு வியாபாரம் பண்ணுகிறவர்களைக் கிழித்தேன். சர்ச்சுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து, மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதுகிறவர்களைக் கிழித்தேன். கடைசியில், சும்மா இருக்காமல், "எங்கள் கடையில் பொய் கிடையாது. இருப்பதை இருக்கிறது என்போம், இல்லாததை இல்லை என்போம்" என்று முடித்தேன். கைதட்டல் ஓயவே இல்லை. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது கார் ஓட்டிய என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் கடையிலதான வரதண்ணா இருக்காரு?"

நான் கார் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

வரதண்ணா எங்கள் கடையின் சீனியர் சேல்ஸ்மேன். என் மாமனார் காலத்திலிருந்து இருக்கிறார். வீடு சின்னக் காஞ்சிபுரம். நெற்றியில் பளிச்சென்று நாமம், வெள்ளைச் சட்டை, குழைவான குரல். அவர் ஒரு பொய் சொன்னால் கேட்கிறவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அவ்வளவு நேர்த்தி.

மறுநாள் காலையில் ஊழியர்களை நிற்கவைத்து அறிவித்தேன். இன்றிலிருந்து இந்தக் கடையில் யாரும் பொய் சொல்லக் கூடாது.

வரதண்ணா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "எதுவரைக்கும்மா? தீபாவளி வரைக்குமா?"

"எப்பவும்."

"சரிமா. ஒரு டவுட்டு. இந்த டிசைன்ல இது ஒண்ணுதான் இருக்குதுன்னு சொல்லலாமா?"

"உள்ளே அடுக்கி வெச்சிருக்கோமே, எப்படிச் சொல்றது?"

"உங்களுக்காகத்தான் இந்த வெலைன்னு?"

"கூடாது."

"மாநிறமா இருக்கற பொண்ணு பஞ்சுமிட்டாய் ரோஸை மேல போட்டுக்கினு 'எனக்கு எடுப்பா இருக்குதா'ன்னு கேட்டா?"

"வாயை மூடிக்கினு அடுத்த புடவையை எடுங்க."

"அப்ப எனக்கு இன்னாமா வேலை?" என்றார். நிஜமான கவலை.

அந்த வியாழக்கிழமைதான் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீடு தாமல். பெண் வீடு ஐயம்பேட்டை. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால் மாப்பிள்ளையின் அம்மாதான் தலைமை. வாட்டசாட்டமான அம்மாள். உட்காரும்போதே மெத்தையில் பாதியை எடுத்துக்கொண்டார். பெண்ணின் பெயர் நிவேதா. ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு வேன் ஆட்கள் பேசினார்கள், கட்டிக்கொள்ளப் போகிறவள் மட்டும் பேசவில்லை.

மாம்பழ மஞ்சளில் கிளிப்பச்சை பார்டர் போட்ட ஒன்றை அந்த வருங்கால அத்தை எடுத்துவிட்டார். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்போது நிவேதா கையை நீட்டி, அடுக்கின் அடியிலிருந்த அரக்கு நிறப் புடவையை இழுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சில புடவை சில பெண்ணுக்கென்றே நெய்யப்பட்டிருக்கும். நான் விற்கிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை.

"அத்தை, இது எடுத்துக்கலாமா?" என்றாள். குரல் பாதிதான் வெளியே வந்தது.

அத்தை புடவையைத் தடவிப் பார்த்தார். "கலர் நல்லாத்தான் இருக்குது. கறுப்பு கிறுப்பு கலந்திருக்குதா? முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஒரு இழை ஆவாதுபா எங்களுக்கு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பட்டுப் புடவையில் நீளவாக்கில் போகிற நூல் பாவு. குறுக்கே போகிறது ஊடை. எல்லா அரக்கும் ஒரே மாதிரி வராது. இந்த அரக்கு, கறுப்புப் பாவில் சிவப்பு ஊடையை ஓட்டி நெய்தது. இரண்டும் கலந்தால்தான் அந்தப் பழுத்த நிறம் வரும். தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். நுனியில் தொங்கும் கறுப்பு இழைகளை உள்ளே மடித்து வைப்பார்கள்.

வரதண்ணா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "அம்மாவையே கேளுங்க" என்றார். பழி வாங்குகிறார் என்று அப்போதே தெரிந்தது.

நான் எழுந்து போனேன். எனக்கு இன்னும் அந்தக் கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "இருக்குதுமா. பாவு கறுப்பு. ஊடைதான் சிவப்பு" என்றேன். அதோடு விட்டேனா? மடித்து வைத்திருந்த நுனியை வெளியே எடுத்து, கறுப்பு இழைகளைக் கையில் பரப்பி, பாடம் நடத்துகிற மாதிரி எல்லோருக்கும் காட்டினேன்.

அத்தை பல்லி விழுந்த மாதிரி கையை உதறினார்.

"நல்ல காரியத்துக்கு வந்தவங்களுக்குக் கறுப்ப எடுத்துக் காட்றியே, நீ கடை நடத்தறியா இன்னா நடத்தற? எழுந்திருங்கபா எல்லாரும்."

"அம்மா, கேட்டீங்க, சொன்னேன்."

"கேட்டா இல்லன்னு சொல்லணும். இருக்கறத எதுக்கு அடுக்குல வெக்கற?"

நியாயமான கேள்வி. காபி குடித்துக்கொண்டிருந்த தாத்தா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நிவேதா தோளிலிருந்த புடவையை எடுத்து மடித்து வைத்தாள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் கூட இல்லை. எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்கிற பார்வை.

வேன் ஆட்கள் மொத்தமும் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனார்கள். வரதண்ணா விரித்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்தார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு, எங்கள் சர்ச் ஆட்கள் மாதிரியே "ஸ்தோத்திரம்" என்றார்.

அவரை வேலையை விட்டு எடுக்க முடியாது. மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மைசூர்பாகு. போனில் தனசேகர் மீதிக் கதையைச் சொன்னார். "அந்தப் பொண்ணு உள்ள வந்த உடனே அரக்குதான் கேட்டுச்சுமா. நீங்க குடுத்ததே ஒண்ணு இருந்துச்சே, அதத்தான் எடுத்துக் காட்டனேன். புடிச்சிக்கிச்சு."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு பாவில் மூன்று புடவை வரும். எல்லாக் கடைக்காரரும் எல்லாவற்றையும் தாங்களே நெய்வதில்லை. என் தறியில் அந்தக் கறுப்புப் பாவில் இறங்கிய மூன்றில் ஒன்றை என் கடையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை அவருக்குக் கொடுத்திருந்தேன். அதாவது, அதே பாவு, அதே தறி, அதே கறுப்பு. என் கடையில் தீட்டு. ரோட்டைத் தாண்டினால் முகூர்த்தம்.

"கறுப்பு இருக்குதான்னு கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாங்களா?"

"என்ன சொன்னீங்க?"

"ஒரு இழை இருந்தா என் கடைய இழுத்து மூடிடறேன்னு சொன்னேன்."

கேட்டீர்களா? இவருக்குத்தான் வியாபாரம். எனக்கு மைசூர்பாகு. கோபத்தில் நான்கு துண்டு தின்றேன்.

திங்கட்கிழமை காலையில் கடைக்குள் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அத்தை. கையில் எதிர்க்கடைப் பை. பின்னால் நிவேதா. முந்தானைக்குத் தனியாகப் பட்டு நூல் வைத்துக் குச்சு கட்ட வேண்டுமாம். இந்த வீதியில் எங்கள் கடையில்தான் அதற்கு நல்ல கைக்காரி இருக்கிறாள். அத்தை அதற்கு மட்டும் வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

அவர் வாசலில் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் நிவேதா வேகமாக என் பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி, எனக்குத் தெரியும், அதே புடவைதான். அத்தைக்குத் தெரியாது."

"தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"மண்டபம், மேக்கப், எங்கேஜ்மென்ட் புடவை, பந்தல் கலரு... எல்லாம் அவங்க செலக்‌ஷன் ஆன்ட்டி. நான் கேட்டது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அந்த மஞ்சள்தான். ப்ளீஸ் ஆன்ட்டி."

நான் பதில் சொல்வதற்குள் அத்தை வந்துவிட்டார். பையிலிருந்து புடவையை எடுத்து என் முன்னால் பரப்பினார். நுனியை ஒட்ட வெட்டி, மடித்து, சுத்தமாகத் தைத்திருந்தார்கள். ஒரு இழை வெளியே தெரியவில்லை. தொழில் தெரிந்தவர்கள்.

"நல்லா பாரு" என்றார். "நீ பொய்யே பேசமாட்டியாமே, ஊரெல்லாம் சொல்றாங்க. இப்ப சொல்லு. இதுல கறுப்பு இருக்குதா?"

வரதண்ணா மேலே ஃபேனைப் பார்த்தார். நிவேதா தரையைப் பார்த்தாள்.

நான் என்ன செய்ய? கண்ணாடி இல்லை, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். அதுவும் பொய், கண்ணாடி மூக்கில் இருந்தது. அடுத்த கடைச் சரக்கைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லலாம். அந்த அம்மாள் அதிலிருந்தே முழுசாகப் புரிந்துகொள்வார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், இந்தப் பெண் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருளை நான் இரண்டாவது தடவையாகப் பிடுங்குகிறேன்.

முதல் தடவை உண்மை சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. யாருக்காகச் சொன்னேன்? ஆண்டவருக்காகவா? கைதட்டியவர்களுக்காகவா? அந்தப் பெண்ணை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மை பேசுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார மாட்டோம். நுனியை இழுத்து வெளியே காட்டுவோம்.

இப்போது எந்தப் பெருமையும் இல்லை. ஆனாலும் பொய் வரவில்லை. வரதண்ணாவுக்குக் கொட்டுகிற பொய் எனக்கு ஏன் வரவில்லை என்று கோபம்கூட வந்தது. மனதுக்குள் வேகவேகமாக ஒரு ஜெபம் செய்தேன்: ஆண்டவரே, நான் சொல்லிவிடுகிறேன். இந்த அம்மாள் மட்டும் நம்பக் கூடாது.

"இருக்குதுமா" என்றேன். "பாவு கறுப்பு. என் தறியில நெய்ஞ்ச புடவைதான் இது."

நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள்.

அத்தை என்னையே பார்த்தார். புடவையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வளையல் குலுங்கக் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"பாத்தியா நிவேதா, நான் வரும்போதே சொன்னன் இல்ல? அவ கடையில எடுக்கலைன்னு வயித்தெரிச்சல். எதிர்க்கடைப் புடவ கூட இவ தறியில நெய்ஞ்சதாம். இன்னும் கொஞ்சம் விட்டா மாப்பிள்ளையக்கூட இவதான் பெத்தேன்னுவா."

நிவேதா கண்ணைத் திறந்தாள். "ஆமாம் அத்தை" என்றாள். ரொம்ப அடக்கமாக.

"சர்ச்சுக்கு வேற போறியாம். இந்த வயசுல இவ்ளோ பொறாமை ஆவாதுமா உடம்புக்கு." அத்தை புடவையை என் பக்கம் தள்ளினார். "குச்சு நல்லா நெருக்கமா கட்டச் சொல்லு. கோவத்துல முந்தானைய அறுத்து வெச்சிடாத."

அன்றைக்கு என் கடையில் அவர் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கட்டு காட்டன் புடவையும் எடுத்தார். ஜெயித்தவர்கள் தாராளமாக வாங்குவார்கள்.

அவர்கள் போன பிறகு வரதண்ணா மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத்தினி வருஷம் நானும் பொய் சொல்லி விக்கறேன். நிஜத்த சொல்லியே இப்பிடி ஏமாத்தற வித்தை எனக்கு வரலியேமா."

போய் வேலையைப் பாருங்கள் என்று துரத்தினேன். ஆனால் அவர் சொன்னது மூன்று நாளாக உறுத்துகிறது. நான் ஏமாற்றினேனா? கேட்டார், சொன்னேன். நம்பாதது அவர் இஷ்டம். அவர் அன்றைக்கு உண்மையைக் கேட்க வரவில்லை, ஜெயிக்க வந்தார். கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சர்ச்சுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் என்று நான் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் உட்கார இடம் வேண்டும்.

முட்டி வலி தீர வேண்டும், பையனுக்கு நல்ல பெண் அமைய வேண்டும், ஜரிகை விலை இறங்க வேண்டும் என்று நான் செய்த ஜெபமெல்லாம் வருஷக் கணக்கில் க்யூவில் நிற்கிறது. நான் சொல்கிற உண்மையை அந்த அம்மாள் நம்பக் கூடாது என்று கேட்டேன் பாருங்கள்... அது மட்டும் கேட்ட நிமிஷமே சாங்ஷன்.