தணிகாசலம் சார் தராமல் போன சிடி

தணிகாசலம் சார் போய்விட்டார் என்று அவருடைய மச்சான் போன் செய்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வருகிறேன் என்றவர் வெயில் ஏறியும் வரவில்லை. "டீச்சர், மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு அளத்துல உப்புக் குவியலுக்கு ஓலை மூடப் போனாரு. அங்கேயே நெஞ்சைப் பிடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள..." என்று அவர் அழுதார். "இன்னைக்கு வர்றேன்னு சொன்னாரேப்பா" என்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பாவின் உப்பளத்தைப் பார்த்துக்கொள்ள மரக்காணம் திரும்பினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினோம். கிளியனூரிலிருந்தெல்லாம் பெண் பிள்ளைகள் வருவார்கள். கணக்கில் சூரப்புலிகள். ஆனால் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் இங்கிலீஷ் கட்டளைகளைப் பார்த்து முகம் செத்துவிடும். 2004-இல் ஒரு நாள் சார் சொன்னார்: "தமிழ்லயே ஒரு லாங்குவேஜ் பண்ணிடலாம் டீச்சர்." உப்பு விளையும் பாத்தியை நினைத்து, அதற்கு 'பாத்தி' என்று பெயரும் வைத்துவிட்டார்.

தமிழில் கட்டளை எழுதினால் மட்டும் போதுமா? அதைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். அதையும் அவரே எழுதினார், நான்கு மாதத்தில். வேலை செய்தது! பிள்ளைகள் வாய்ப்பாடு போட்டார்கள், வட்டி கணக்கிட்டார்கள். சிடியில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று நான் குதித்தேன்.

"பாத்தியில உப்பை வார்றப்போ முதல் வாரல்ல மண்ணு வரும் டீச்சர். அதைப் போய் யாராவது மார்க்கெட்டுக்கு அனுப்புவாங்களா?"

அவ்வளவுதான். அழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார்.

எல்லாவற்றுக்கும் அவருக்கு உப்பளத்து நியாயம் ஒன்று இருக்கும். வாரிய உப்பைக் குவித்ததும் ஒரு குச்சியில் தகரத் துண்டைச் செருகி, வாரிய தேதியையும் காலையா மாலையா என்பதையும் எழுதி நட்டுவைப்பார். மற்ற அளத்துக்காரர்கள் சிரிப்பார்கள். "எப்ப வாரினதுன்னு தெரியாத உப்பை எவன் வாங்குவான்?" என்பார். கம்பைலரிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார். அது உருவாக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும், உருவான நேரம் ஒரு நீண்ட எண்ணாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நொடி வரைக்கும்! "நொடி எதுக்கு சார்?" என்றேன். "இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு இன்னா?" என்றார்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. பாத்தியெல்லாம் சேறு. ஆட்களோடு இறங்கி அவரும் மாதக்கணக்கில் மிதித்துச் சமன்செய்தார். அது முடிந்த கையோடு சென்டருக்கு வந்து, "இந்தக் கம்பைலரை பாத்தி லாங்குவேஜ்லயே திரும்ப எழுதப் போறேன்" என்றார். எனக்குத் தலை சுற்றியது.

"ஏன் சார், இருக்கிறது நல்லாத்தானே இருக்குது?"

"பாத்தியையே மறுபடி மிதிச்சு எடுத்தாச்சு. இது இன்னா பெருசு?"

இப்படி எழுதினால் அதற்கு ஒரு சோதனை உண்டு. கம்பைலர் தன்னைத் தானே உருவாக்க வேண்டும். அப்படி உருவானது மறுபடி தன்னை உருவாக்க வேண்டும். அந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் வேலை சுத்தம் என்று அர்த்தம். சாருடைய கம்பைலரில் அந்த இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் வித்தியாசம். ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொன்றாகத் திருத்தினார். இதற்கிடையில் திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில், ஜூன் மாதம் சிடி வந்தால் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இதிலேயே பாடம் நடத்துகிறோம் என்றார்கள். வராவிட்டால் பழையபடி இங்கிலீஷ்தான். சாருக்கும் அது தெரியும்.

மே மாதம் வித்தியாசம் ஒரே ஓர் இடத்துக்கு வந்து நின்றது. சின்ன இடம், நாலைந்து எண்கள். எதைச் செய்தாலும் அது மட்டும் போகவில்லை. "அடித்தளத்துலயே கோளாறு. நாளைக்குக் காலையில கடைசியா ஒருவாட்டி பார்க்கிறேன். இல்லைன்னா முதல்லேருந்து எழுதிடலாம்" என்றார்.

"மனுஷனா நீங்க? பிள்ளைங்களுக்கு ஜூன்ல காலேஜ் சார்!" என்று கத்தினேன்.

"கோச்சுக்காதீங்க டீச்சர்" என்று சிரித்தபடி ஸ்கூட்டரை உதைத்தார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

காரியம் முடிந்ததும், குவியலை என்ன செய்வது என்று ஆட்கள் கேட்க, அவருடைய மனைவி அமுதா அம்மா உப்பளத்துக்குப் புறப்பட்டார்கள். துணைக்கு நானும் போனேன். ஓலைக்கு அடியில் இரண்டு குவியல். இரண்டிலும் தகரம், இரண்டிலும் சாருடைய கையெழுத்து. ஒன்றில் காலை, ஒன்றில் மாலை.

"ரெண்டும் வேற வேற உப்பாம்மா?"

"ஒரே பாத்தி உப்புதான் டீச்சர். வாரின நேரந்தான் வேற."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட பாவி மனுஷா!" என்று அந்த இடத்திலேயே அலறிவிட்டேன். முதலில் உருவான கம்பைலருக்குள் ஒரு நேரம், அடுத்து உருவானதற்குள் வேறொரு நேரம். எப்படி சார் ஒத்துப்போகும்?

அங்கிருந்து நேராக சென்டருக்கு ஓடினேன். அமுதா அம்மாவும் பயந்துபோய்க் கூடவே வந்தார்கள். நேரம் எழுதும் வரியை மட்டும் நிறுத்திவைத்து, இரண்டையும் உருவாக்கி ஒப்பிடும்படி கணினிக்குச் சொன்னேன். வித்தியாசம் இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். திரையில் ஒன்றும் வரவில்லை.

"இன்னா டீச்சர், ஒண்ணுமே காணோம்?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா. எல்லாம் சரியா இருக்குது. எப்பவோ முடிச்சுட்டாரு."

"அப்ப அவரு எழுதினதுல தப்பே இல்லையா?"

"இல்லம்மா."

"அது தெரியாமலே போயிட்டாரே" என்று அவர்கள் கீபோர்டின் மேலேயே கவிழ்ந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சிடி கல்லூரிக்குப் போய்விட்டது சார். நீங்கள் எழுதிய நேர வரியைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன், நொடியோடு. இந்த வாரலில் மண் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள். போன இடத்திலாவது, முடிந்த வேலையை முடிந்தது என்று விட்டுவிடுங்கள்.