இரண்டு அடுப்படி வைத்த ஓவர்சியர்

ஓவர்சியர் சவரிமுத்து காலமாகிவிட்டார் என்று போன வாரம் சாந்தோமிலிருந்து ஒரு ஜட்காக்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. மெய்தானா, யார் சொன்னது என்று திருப்பித் திருப்பி விசாரித்தேன். அவரோடு பழகியவர்களை இந்தச் சந்தேக நோய் தொற்றிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். சிமெண்டை அவர் நம்பமாட்டார், மேஸ்திரியை நம்பமாட்டார், கடற்காற்றை அறவே நம்பமாட்டார். "சுவரைத் தட்டிப் பாருங்க, மனுசனை விசாரிச்சுப் பாருங்க" என்பார்.

பென்ஷன் வாங்கிய கையோடு திருவான்மியூரில் புதுமாதிரியாக ஒரு தோட்ட வீடு கட்ட ஆசைப்பட்டேன். அகலமான ஜன்னல்கள், மொட்டை மாடி, வீட்டுக்குள்ளேயே குளியலறை. வீட்டுக்குப் படம் போட்டுத் தர ஒப்புக்கொண்டு எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த சவரிமுத்து, இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் பின்கட்டில் போய் நின்றார். அப்பா காலமான பிறகு என் தாயார் எங்கே படுத்துக்கொண்டார் என்று கேட்டார். விறகு அறைக்குப் பக்கத்தில் என்றேன். அதில் விசேஷம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

படம் வந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு அடுப்படி. நடுவில் கனத்த சுவர், அதில் ஒரு கதவு. தாழ்ப்பாள் பின்பாதியில் மட்டும். மேஸ்திரியோடு கூட்டா? பாதியை யாருக்காவது பேசி வைத்திருக்கிறாரா? நான் இல்லாத நேரம் வந்து என் மனைவியோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார் என்று தெரிந்ததும் சந்தேகம் கொழுத்தது. நேரே சாந்தோம் போய்க் கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க போனப்புறம் உங்க வீட்டம்மா எங்க சார் படுப்பாங்க?" என்றார். "முன்பாதியை வாடகைக்கு விட்டா யார் கையையும் பாக்க வேணாம். தாழ்ப்பாள் அவங்க பக்கமே இருக்கட்டும்."

என் பிள்ளைகள் தங்கமானவர்கள் என்று சத்தம் போட்டேன்.

"இன்னிக்கு" என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அந்தப் படத்தின்படி வீட்டைக் கட்டினேன். வேறு படத்துக்கு என் மனைவி சம்மதிக்கவில்லை.

அவரை அடக்கம் செய்துவிட்டு நான் வீடு திரும்பிய சாயங்காலம் மூத்த மகன் வந்திருந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுச்சுவரை எடுத்துட்டா எங்களுக்கு ஹால் பெரிசாயிடும்பா. அம்மா ஒருத்திக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்றான்.

நான் அவன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் கை வைக்கக்கூடாது என்றேன். கல்லறையில் வராத அழுகை அப்போது வந்தது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் சந்தேகம்தான். பெற்ற பிள்ளை மேலும் அது வருகிறது.