ஒங்கட மணமா, எங்கட மணமா

கண்டியில் இருந்துகொண்டு திருகோணமலைக் கடலுக்கு மீன் பிடிக்கப் போவதைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், ஐந்து மணித்தியாலம் வேனில் குலுங்குவது, நான்கு மணித்தியாலம் படகின் விளிம்பில் குனிந்து சத்தி எடுப்பது, பிறகு மறுபடியும் ஐந்து மணித்தியாலம் வேனில் குலுங்குவது. இதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைத்துப் பதினெட்டு வருடமாகச் செய்தோம். யாழ்ப்பாணத்தானுக்குக் கடலில் சத்தி வரலாமா என்று நண்பர்கள் முதல் வருடம் கேட்டார்கள். பதினெட்டாம் வருடமும் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லாரும் வள்ளத்தில் பிறப்பதில்லை, என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர் என்று நானும் அலுக்காமல் பதில் சொல்லிவந்தேன். அலுக்காமல் என்பது பொய்.

நாங்கள் மூன்று பேர். நான் இடமாற்றத்தில் கண்டிக்கு வந்து, திரும்பிப் போக மறந்துபோன அரசாங்க ஊழியன். மாஸ்டர் நாவலப்பிட்டியில் கணிதம் படிப்பிக்கிறவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிடத் தெரியாத மனிதர். மூன்றாமவன் கெலிஓயாவில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே அளவு தொப்பை. மாஸ்டர் தூண்டில்களைப் பார்த்துக்கொள்வார். அவன் சமைப்பான். என்னை எதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்று எனக்கே தெரியாது.

அவனுடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தேகமப் பக்கத்திலிருந்து சரக்கோடு வருகிறவர்கள் அவன் முன்னால் சாக்கை அவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவன் ஒரு கை கராம்பை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு இழுப்பான். மழையில் நனைந்ததா, அவசரத்தில் காய்ந்ததா, போன வருடச் சரக்கோடு கலந்ததா என்று அந்த ஒரு மூச்சில் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேசியதில்லை. சமையலும் அதே மூக்கால்தான். உப்புப் பார்க்க மாட்டான். ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு, "போதும், இறக்குங்க" என்பான். உப்புக்கு என்னடா வாசம் என்று நான் கேட்டால், அது மூக்கு உள்ளவனுக்குத் தெரியும் என்பான்.

நான் சொல்லவந்தது அவனுக்கு அந்த மூக்கு இல்லாமல் போன வருடத்தைப் பற்றி. தை மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்தான். எழும்பியபோது காய்ச்சலோடு வாசமும் போயிருந்தது. முழுதாக. அவன் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வருடத்துக்கு ஒரு முறை போகிற கடலுக்கு அந்த வருடம் மாதத்துக்கு ஒரு முறை போகவேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான் என்பதுதான். மே மாதம் போனோம். ஜூன் மாதம் போனோம். ஜூலையில் மறுபடியும் தொலைபேசி வந்தபோது, எனக்கு முதுகு வலி என்றேன். "கடல் காத்து பட்டா சரியாகும் மச்சான்" என்றான். கடல் காற்றில்தான் முதுகே போனது என்று கத்திவிட்டு, சனிக்கிழமை போய் வேனில் ஏறினேன்.

அந்தப் பயணத்தோடு நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது: இனி என்னை விட்டுவிடுங்கள், எனக்குக் களைத்துப் போய்விட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கண்டிக்கு நான் வந்து சேர்ந்ததே மேலதிகாரி ஒருவரிடம் உண்மையைச் சொன்னதால்தான்.

ஞாயிறு விடியப் படகில் போனோம். மூன்று சூரை மீனும் ஒரு நடுத்தரப் பாரையும் கிடைத்தன. ரெஜிபோம் குளிர்ப்பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். நாவுலவுக்குக் கிட்ட டயர் வெடித்தது. மேலதிக டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று நானும் மாஸ்டரும் வெயிலில் நின்று அரைமணித்தியாலம் விவாதித்தோம். மாஸ்டர் விவாதத்திலும் 'ங்க' போட்டார். டயர் ஒட்டி வரும்போது ஐஸ் தண்ணீராகியிருந்தது. அதன் பிறகு கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசல். கெலிஓயாவில் அவன் வீட்டுப் பின்முற்றத்தில் பெட்டியை இறக்கும்போது மாலை ஐந்தரை, தூறல் வேறு. அவன் மனைவி பிள்ளைகளோடு கலியாண வீடொன்றுக்குப் போயிருந்தாள். மாஸ்டர் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனார்.

நான் மூடியைத் திறந்தேன். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மணக்குது" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வாய் மணக்கும், சப்பாத்து மணக்கும், சாக்கடை மணக்கும். நல்லதாக இருந்தால் அது வாசம். இவர்கள் இரண்டு பேருக்கும் நேர் எதிர்: மல்லிகை மணக்கும், புரியாணி மணக்கும், கெட்டது நாறும். முதல் வருடம் இதே முற்றத்தில் நான் முதல் பிடியை வாயில் வைக்கப்போகும்போது, மாஸ்டர், "மீன் கறி நல்லா மணக்குதுங்க" என்றார். நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெறும் பாண் ரொட்டி தேடிப் போனேன். அவர் பாராட்டினார் என்பது விளங்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அன்றிலிருந்து அது எங்கள் பகிடி.

அவன் பெட்டிக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, கராம்புக்கு இழுப்பதைப் போலவே ஒரு நீண்ட மூச்சு இழுத்தான். நிமிர்ந்து சிரித்தான்.

"மணக்கிது தான்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து முதல் சூரையின் வயிற்றில் வைத்தான்.

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. பத்து மணித்தியால அலைச்சல், முதுகு வலி, பசி. "விளையாடாதை. உண்மையா மணக்குது" என்றேன்.

கத்தி நின்றது. அவன் மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதைப் போல மெதுவாகக் கேட்டான்.

"எந்த மணம் மச்சான்? ஒங்கட மணமா, எங்கட மணமா?"

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சிரித்து முடிக்கும்வரை அவன் கத்தியோடு காத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சொல்லுங்க. எனக்குத் தெரியல்ல" என்றான்.

பழுதான சூரையின் நாற்றம் பக்கத்து வளவு வரைக்கும் போயிருக்கும். அதற்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு, கெலிஓயாவின் மூக்கு என்னிடம் கேட்கிறது. முற்றத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். "எங்கட மணம்" என்றேன். "மீன் பழுதடா. வெட்டாதை."

மாஸ்டர் தேங்காயோடு வந்தபோது நாங்கள் வாழையடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று சூரையையும் பாரையையும் புதைத்துவிட்டு, டின் மீன் ஒன்றை உடைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி, பாணோடு சாப்பிட்டோம். கடலுக்குப் போய் வந்து டின் மீன் சாப்பிட்டவர்கள் இலங்கையிலேயே நாங்களாகத்தான் இருப்போம் என்று மாஸ்டர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

கடையை எப்படி நடத்துகிறாய் என்று கேட்டேன்.

"மூச்சு இழுக்கிற மாதிரி இழுப்பேன். கண்ண மூட மாட்டேன். அரைக்கண்ணால வந்தவன்ட முகத்தப் பாப்பேன். நனைஞ்ச சரக்கு கொண்டுவந்தவன் சும்மா நிக்க மாட்டான், கால மாத்தி மாத்தி வைப்பான்" என்றான். "இன்னம் எத்தன நாளைக்கு? நல்லா பொய் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தன் வந்தா என்ட கத முடிஞ்சிது. ஊருக்குத் தெரிஞ்சா எவன் எனக்கு முன்னுக்குச் சாக்க அவிழ்ப்பான்? எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியாது."

கொஞ்ச நேரம் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "வீட்டுல கேக்குறா, இப்பல்லாம் கறியப் பத்தி ஒண்டும் சொல்றீங்க இல்லயே, நான் என்ன பிழ செஞ்ச எண்டு. என்னத்தச் சொல்ற?"

டாக்டரிடம் போகவில்லையா என்று மாஸ்டர் கேட்டார். போயிருக்கிறான். வரலாம், வராமலும் போகலாம், வருவதென்றால் துண்டு துண்டாக, நினையாத நேரத்தில் ஒரு நொடி வந்து போகும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவன் முகம் மாறியது.

"வந்திச்சு" என்றான். "மே மாசம், போட்டில. மண்ணெண்ண வாசம். ஒரு நொடிதான், சத்தியமா வந்திச்சு. அதுக்குத்தான் ஒங்க ரெண்டு பேரையும் இந்தப் பாடு படுத்திக் கூட்டிட்டுப் போற. அங்க வந்தது அங்கதான் திரும்ப வரும்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. படகின் விளிம்பில் குப்புறக் கிடந்தேன். பின்னால் இயந்திரத்தடியில் இருந்த படகுக்காரர்தான் முதலில் சத்தம் போட்டார்: "மண்ணெண்ணெய் மணக்குது, ஆரும் கேனைப் பாருங்கோ!" மூடி கழன்று கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவன் தலையை நிமிர்த்தி, "ஓ, ஓ, மண்ணெண்ண!" என்று சந்தோஷமாகக் கூவினான். இவனுக்கு என்ன பைத்தியமா என்று நான் அப்போது நினைத்தேன். அவனுக்கு வந்தது வாசம் அல்ல. படகுக்காரரின் வார்த்தை.

மாஸ்டரைப் பார்த்தேன். அவருக்கும் நினைவிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேசைக்குக் கீழே நான் அவர் காலை மிதித்தேன். முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று ஐம்பத்தைந்து வருடம் பீற்றிக்கொண்ட நான், என் நண்பனின் முகத்துக்கு நேரே மௌனமாக இருந்தேன். நிறுத்திக்கொள்வோம் என்று சொல்ல வைத்திருந்த வாயால், "ஓகஸ்டில எப்ப போறம்?" என்று கேட்டேன்.

என்னைக் கண்டியில் இறக்கிவிடப் போகும் வழியில், பேராதனைச் சந்தியில் வேனை நிறுத்திவிட்டு, நானும் மாஸ்டரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இனிப் படகில் யாரும் வாசத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவனாக முதலில் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் அது உண்மை. படகுக்காரருக்கும் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். "மண்ணெண்ணெய் ஒழுகினால் என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டார். கையால் காட்டுங்கோ என்றேன். "சரி, காட்டுறன்" என்றார்.

ஓகஸ்டில் கடல் எண்ணெய் பூசியதுபோல் அமைதியாக இருந்தது. அவன் படகின் முன்னால், அணியத்துப் பக்கம் உட்கார்ந்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் நடுவில். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் படகுக்காரர் என் தோளைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன், அவர் விரலால் கீழே காட்டினார். கேன் சரிந்து, அடிப்பலகையில் மண்ணெண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேனை நிமிர்த்தி மூடியை இறுக்கிவிட்டு, இயந்திரத்தையும் நிறுத்தினார். காற்று விழுந்திருந்தது. நாற்றம் எனக்குத் தொண்டை வரைக்கும் ஏறியது, மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரு சொல் பேசாமல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லடா, சொல்லடா என்று நான் கும்பிடாத தெய்வமில்லை.

அவன் திரும்பினான்.

"என்னா, எஞ்சின நிப்பாட்டிட்டு எல்லாரும் பேசாம ஈக்கிறீங்க?" என்று கேட்டான்.

மாஸ்டர்தான் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லங்க, மீன் ஏதும் துள்ளுதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மண்ணெண்ணெய் மெதுவாக ஓடிப்போய் அவனுடைய வெறுங்காலைத் தொட்டது. குனிந்து பார்க்காமலே, கடல் தண்ணீர் என்று நினைத்துக் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.