லோரியில் அப்பாவுக்குக் கிடைத்த இடம்

அப்பா இல்லாமல் ஒரு வருஷத்தை எப்படியோ தள்ளிவிட்டோம். இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மூத்த மகள், கடைசிவரை டத்தோ கிராமாட் வீட்டில் அப்பாவோடு இருந்தவள் என்பதால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை. பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, சோறு வைத்துவிட்டு உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. உடம்பும் மனசும் அசதியாக இருக்கிறது. பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளை பிறந்தால் பதிய வேண்டும் என்று தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த மலேசிய மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான் அப்பா கையில் இருந்தது. குடிமக்களுக்கான நீல ஐசிக்காக அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமா நஞ்சமா! இந்த ஆபீஸ், அந்த ஆபீஸ், நாளைக்கு வா, அடுத்த மாசம் வா. ஒருவழியாக அது கைக்கு வந்தபோது அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பார்த்துச் சந்தோஷப்பட அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு பினாங்குக்கு வந்து சிமெண்டு வேலை கற்றுக்கொண்டார். பழைய கடைவீடுகளுக்குப் பூச்சு, குளியலறைக்கு ஓடு என்று சின்னச் சின்னக் கொந்தராக் வேலைகளை ஒப்புக்கொண்டு செய்தார். மண் சுமக்க ஆள் வேண்டுமென்றால், காலையில் சந்தியில் நிற்கும் அன்றாடக் கூலிக்காரர்களை அழைத்துப்போவார். பங்களாதேஷ், மியன்மார், ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பாதிப் பேருக்கு வேலை பெர்மிட் தேதி முடிந்து செத்துப்போயிருக்கும். ஏஜெண்டு ஏமாற்றியிருப்பான், இல்லை முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பார். அப்பா அதையெல்லாம் கேட்க மாட்டார். "மொதல்ல பசியாறுங்க, அப்புறம் வேலை" என்பார்.

அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணே, நீங்க செய்யறது சட்டப்படி தப்புலா. இவனுங்க பாதிச் சம்பளத்துக்கு வர்றதாலதான் நம்ம பையன்களுக்கு வேலை இல்ல."

"பாதிச் சம்பளம் குடுக்கிறவனப் போய்ப் புடிக்கச் சொல்லு. நான் நம்ம ஆளுக்குக் குடுக்கிற கூலியத்தான் அவனுக்கும் குடுக்கிறேன்."

சித்தப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் மகன் கட்டட வேலை கிடைக்காமல்தான் சிங்கப்பூருக்குப் போனான். இதே சண்டைதான் பேப்பரிலும் டிவியிலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் அது சோற்றுத் தட்டுக்கு முன்னால் நடந்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

ஒருநாள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை வந்தது. அப்பா கூலிக்காரர்களோடு கடை முன் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து பால் விடாத தேநீர், தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் சிமெண்டு. ஐசி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அவர்களோடு சேர்த்து அப்பாவையும் லோரியில் ஏற்றிவிட்டார்கள். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. முட்டிவலியால் அப்பா தடுமாறியதைப் பார்த்து, பாஷை தெரியாத ஒருவர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்தாராம்.

தே கடைக்காரர் போன் செய்ய, சித்தப்பா மோட்டார் பெட்டியை உடைத்து ஐசியை எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கிருந்த அதிகாரி பாவம், பதறிப்போய், "பாக்சிக், பெரியவரே, முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். "கேட்டாத்தானே சொல்ல முடியும்" என்றாராம் அப்பா. இதைச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

"கார்டு இருந்துச்சு, நான் எறங்கிட்டேன். எடம் குடுத்தவன் எறங்கலம்மா."

இனி சந்திப் பக்கம் போகமாட்டார் என்று நினைத்தோம். மறுநாள் காலையிலேயே போய்விட்டார்.

பிறகு பக்கவாதம் வந்து அப்பா படுத்த படுக்கையானார். ஒருபக்கம் வேலை, ஒருபக்கம் அப்பா என்று நான் திணறிய சமயத்தில் ஒருவர் பார்க்க வந்தார். அப்பாவிடம் கூலிக்கு வந்துகொண்டிருந்த ராமநாதபுரத்துக்காரர். முப்பது வயதிருக்கும், ஊரில் மனைவி இருக்கிறார். அன்று வந்தவர், பிறகு தினமும் சந்திக்குப் போகும் முன் வந்து அப்பாவைத் தூக்கி, குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டுப் போனார். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஐயா, கழுத்தப் புடிச்சுக்குங்க. சிமெண்டு மூட்டையவிட லேசாத்தான் இருக்கீங்க."

"மூட்டை உன்னைத் திட்டாதுடா, நான் திட்டுவேன்" என்பார் அப்பா. அந்த வீட்டில் அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்த ஒரு நேரத்தில்தான்.

ஒருநாள் தம்பி வரவில்லை. அவரோடு கூலிக்கு நிற்கும் ஒருவர் வாசலில் வந்து, தம்பியைச் சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உடனே போய்விட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவசரமாக ஊருக்குப் போய்விட்டார் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். வேறென்ன சொல்ல? அப்பா தினமும் காலையில் வாசலைப் பார்த்து, "அவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அப்பாவைத் தூக்க வந்தவர் சித்தப்பா. அவருக்கே இடுப்புவலி. மூச்சு வாங்க உட்கார்ந்து, "அந்தப் பையன் எப்படித்தான் தெனம் தூக்குனானோ" என்பார். என்னிடம் சொல்லாமல் தம்பியை விசாரிக்கத் தடுப்பு முகாமுக்கும் போயிருக்கிறார். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்களாம். அதோடு திரும்பி வந்துவிட்டார்.

அப்பா போவதற்கு முதல் நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். பேச்சு குளறினாலும் அப்பா கேட்டது இருவருக்கும் புரிந்தது.

"ஏம்மா, லோரியில அவனுக்கு உக்கார எடம் கெடைச்சுச்சா?"

எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார். "கெடைச்சுச்சுப்பா" என்றேன். அப்பா தலையாட்டிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டம் சட்டம்தான் என்று இன்றும் சொல்கிறார், ஆனால் அந்தப் பழைய சத்தம் இல்லை.

அப்பாவை வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், எனக்காக ஷிப்டு மாற்றிக்கொண்ட தோழிகளுக்கும், வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எல்லாருக்கும் முதலில் வரவேண்டிய தம்பியின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் அவருக்கு ஏதும் தொல்லை வருமோ என்று தடுத்தவர் சித்தப்பாதான். தம்பி எங்கே இருக்கிறார், ஊர் போய்ச் சேர்ந்தாரா, எதுவும் தெரியவில்லை. அவருக்கென்று இந்த மலரில் ஒரு பிரதியை அப்பா படத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறோம்.

அப்பாவின் ஆத்மா சாந்தியடைய வேண்டிக்கொள்ளும் எல்லாரும் கூடவே இதையும் வேண்டிக்கொள்ளுங்கள். அன்று நான் அப்பாவிடம் சொன்னது பொய்யாகாமல் இருக்கட்டும். அந்த லோரியில் தம்பிக்கு உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கட்டும்.